ஒலுவிலா, பேராதனையா? கல்முனை வீதியில் ஒரு பயணம்

காலை ஏழரை மணிக்கு கல்முனை பஸ் நிலையத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த ஒரு மகள், அவளுடைய உம்மா, நான். எங்கள் பயணம் அதிக தூரமில்லை. அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் ஒலுவில். ஆனால் அந்தத் தாய்க்கு அது நீண்ட பயணமாகவே இருந்தது. பல்கலைக்கழகம் ஒன்றின் வாயிலுக்குள் அவர் இதுவரை கால் வைத்ததில்லை.

இவரை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். 2007 ஆம் ஆண்டு வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. அப்போது இந்த மகள் கைக்குழந்தை. அன்றிலிருந்து தையல் மெஷின்தான் அந்த வீட்டின் வருமானம். மகளுக்கு பேராதனைக்குப் போகும் அளவுக்குப் புள்ளி இருக்கிறது என்று பாடசாலையில் சொல்லி விட்டார்கள். தாய் ஒரு மாலை நேரத்தில் என்னிடம் வந்து, "மிஸ், கிட்டடியில ஒலுவில் இரிக்கக்குள்ள புள்ளய ஏன் கண்டிக்கு அனுப்பணும்? நீங்களே சொல்லுங்க" என்றார். மகள் எதுவும் பேசவில்லை. விண்ணப்பம் அனுப்ப எட்டு நாட்கள் இருந்தன.

பார்க்காத இடத்தைப் பற்றி எப்படி முடிவெடுப்பது? முதலில் ஒலுவிலையாவது பார்த்து விட்டு வருவோம் என்று நான்தான் அழைத்தேன்.

வீதியில் கண்டவை

கல்முனையிலிருந்து தெற்கே போகும் இந்த வீதியில் ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. கல்முனைக்குடி முடிவதும் சாய்ந்தமருது தொடங்குவதும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் இந்த ஊர்களுக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்திற்கும் அதிகமானோர் இறந்தார்கள். பஸ் சாய்ந்தமருதைக் கடக்கும்போது அந்தத் தாய் கடற்கரைப் பக்கம் திரும்பவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது காரைதீவு. சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த ஊர். அப்போது கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 இல் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். அந்தப் பல்கலைக்கழகம்தான் 1952 இல் பேராதனைக்கு இடம் பெயர்ந்தது. பின்னாளில் அதே பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடியில் பிறந்தவர். இதை மகளிடம் சொன்னேன். "அப்ப நம்மட ஊர் ஆக்கள் அங்க போயிருக்காங்கதானே" என்று அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா, "அவங்க ஆம்புளைகள்" என்றார். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு மூதாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நிந்தவூரைத் தாண்டி களியோடைப் பாலம் வந்ததும் வீடுகள் குறைந்து வேளாண்மை தெரிந்தது. சற்று நேரத்தில் ஒலுவில். பல்கலைக்கழகத்தின் முன்வாயில் பிரதான வீதியிலேயே இருக்கிறது.

போர் பெற்ற பல்கலைக்கழகம்

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஏன் இங்கு வந்தது என்பதை எமது இளம் பிள்ளைகள் பலர் அறிய மாட்டார்கள். 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கில் பள்ளிவாசல்களிலும் ஊர்களிலும் உயிர்கள் பறிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படித்துக் கொண்டிருந்த முஸ்லிம் மாணவர்களால் படிப்பைத் தொடர முடியவில்லை. வந்தாறுமூலை வளாகமோ அதே 1990 இல் தமிழ் மக்களின் அகதி முகாமாக இருந்தது. அந்த முகாமிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களுக்காகத் தமிழ்த் தாய்மார் இன்றும் காத்திருக்கிறார்கள். இரு பக்கத்துப் பெண்களின் கண்ணீரும் இந்தக் கட்டடங்களின் அடியில் இருக்கிறது.

கல்முனையைத் தளமாகக் கொண்டு அரசியல் செய்த எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995 இல் இது ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1996 மே மாதத்தில் முழுமையான பல்கலைக்கழகமானது. அவர் 2000 செப்டெம்பர் 16 ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். இன்று இங்கு கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கை, பொறியியல், தொழினுட்பம் எனப் பீடங்கள் உள்ளன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகள் மூவரும் படிக்கிறார்கள்.

நாங்கள் போன நேரம் விரிவுரை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்து கொண்டிருந்தார்கள். கண்ணுக்குப் பட்டவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். தாய் ஒரு மரத்தடியில் நின்று அவர்களைப் பார்த்துக் கொண்டே இருந்தார். "எல்லாம் நம்மட புள்ளைகள் போலதான் இரிக்கி" என்றார். அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு மாணவியை நிறுத்தி அவர் கேட்ட கேள்வி, "மகள், பின்னேரம் பஸ் எத்தன மணிக்கு?" மகள் கேட்டது, "ராத்தா, லைப்ரரி எத்தன மணி வரைக்கும் திறந்திருக்கும்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் என்னுடைய கதையும் இருக்கிறது.

நான் தெரிவு செய்த இடம்

நானும் இதே வாயிலால் உள்ளே போனவள். எனக்கும் பேராதனைக்குப் போதுமான புள்ளி இருந்தது. அது யுத்தத்தின் கடைசி வருடம். வீதியெங்கும் சோதனைச் சாவடிகள். என் உம்மா பயந்தார். நான் ஒலுவிலை முதலாவதாக எழுதினேன். சமூகவியல் படித்தேன். நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். பட்டமும் கிடைத்தது.

ஆனால் நான் ஒவ்வொரு நாளும் பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் சமையல், தண்ணீர், தம்பிமாரின் உடுப்பு, உம்மாவின் மருந்து. "கிட்டத்தானே இருக்கிறாள்" என்று கலியாண வீடு, மரண வீடு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் அழைத்தார்கள். நூலகத்தில் நான் இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். என்னோடு படித்த ஒருத்தி பேராதனைக்குப் போனாள். அவள் விடுதியில் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்து சிங்களம் பேசப் பழகினாள். எனக்கு இன்றும் அரச அலுவலகத்தில் ஒரு கடிதம் வாசிக்க இன்னொருவர் வேண்டும். ஒரு நேர்முகப் பரீட்சையில் என் சான்றிதழைப் பார்த்து, "ஓ, அந்தப் பக்கத்து கெம்பஸா?" என்று ஒருவர் சிரித்ததும் மறக்கவில்லை.

இதை நான் பல்கலைக்கழகத்தின் குறையாகச் சொல்லவில்லை. அதே வகுப்பில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் முதல் வகுப்பில் சித்தி பெற்றார்கள். என்னுடைய குறை அந்தப் பின்னேர பஸ். அதே நேரம், உம்மாவின் கடைசி இரண்டு வருடங்கள் நான் பக்கத்தில் இருந்தேன். அதை எந்த நூலகமும் எனக்குத் தந்திருக்காது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு இன்றும் தெரியவில்லை.

செலவு யாருடையது?

எமது நாட்டில் 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியால், அரச பல்கலைக்கழகம் எதுவானாலும் முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. பேராதனையின் பட்டமும் ஒலுவிலின் பட்டமும் சட்டத்தின் முன் ஒன்றே. ஆகவே "மலிவு" என்று நாம் சொல்வது படிப்பை அல்ல. பஸ் காசு, சாப்பாடு, விடுதி கிடைக்காத வருடத்தில் அறை வாடகை, பெருநாளைக்கு ஊர் வந்து போகும் செலவு இவைதான். கண்டி இங்கிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். மஹாபொல அல்லது நிதியுதவி கிடைக்கலாம். ஆனால் முதல் மாதங்களில் அந்தப் பணம் கைக்கு வரச் சுணங்கும். அந்த மாதங்களுக்காவது கையில் காசு வேண்டும்.

பெரிய பெயரின் செலவைத் தாய் கொடுக்கிறாள். பக்கத்தில் இருப்பதன் செலவை மகள் தன் நேரத்தால் கொடுக்கிறாள். இந்த இரண்டாவது செலவை எந்த வீட்டிலும் எவரும் எழுதிப் பார்ப்பதில்லை.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் கரையோரத்தில் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்கிறோம். இந்தத் தாயும் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் மகளுக்காக ஒரு வீடு கட்டத் தொடங்கியிருந்தார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. மகள் பேராதனைக்குப் போனால் அந்தச் சுவர் மேலே எழும்பாது. அவருடைய பயம் கண்டியின் தூரம் மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடற்கரையில்

திரும்புவதற்கு முன் ஒலுவில் கடற்கரைக்கு நடந்தோம். 2013 இல் திறந்த துறைமுகம் அங்கே இருக்கிறது. அதன் வாயை மணல் மூட, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டங்கள் போய்விட்டன. தோணிக்காரர்கள் தோணி இழுத்து வைக்க இடமில்லாமல் தவித்தார்கள்.

மகள் வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு தென்னையின் மேல் இருந்தாள். "உம்மா, நான் புவியியல் படிக்கப் போறது இதுக்குத்தான். ஒரு பக்கத்துல கல்லப் போட்டா மத்தப் பக்கத்துல ஏன் கடல் திங்குதுண்டு எனக்குத் தெரியணும்" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். உம்மாவும்தான் என்று நினைக்கிறேன்.

தாய் வெகுநேரம் கடலைப் பார்த்தார். காலையில் சாய்ந்தமருதில் பார்க்க மறுத்த அதே கடல். பிறகு, "இஞ்ச வந்தாலும் நான் ஒன்ன சமைக்கக் கூப்பிடாம இருப்பனோ தெரியா" என்று மெதுவாகச் சொன்னார்.

மூன்று நாட்களுக்குப் பின்னர் விண்ணப்பம் நிரப்பினோம். முதலாவது பேராதனை, இரண்டாவது ஒலுவில். வரிசையைச் சொன்னது மகள். ஒலுவில் கிடைத்தால் விடுதிக்கு விண்ணப்பிப்பது, வீட்டிலிருந்து போய் வருவதில்லை என்ற நிபந்தனையைச் சொன்னது தாய். "வீட்டுச் சுவர் நாலு வருஷம் பொறுக்கும் மிஸ்" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தக் கையேடு விரிந்து கிடக்கலாம். பெரிய பெயரைக் கண்டு பயப்படவும் வேண்டாம், சிறிய பெயரைக் கண்டு வெட்கப்படவும் வேண்டாம். இயலுமானால் மகளோடு ஒரு தடவை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், அவள் விரும்பும் பாடம் தமிழ் மொழியில் உண்டா, பகிடிவதை நடந்தால் யாரிடம் முறையிடுவது என்று கேளுங்கள். பகிடிவதை 1998 இலிருந்து சட்டப்படி குற்றம். பக்கத்து இடத்தைத் தெரிவு செய்தால், மாலையில் அவளுக்கு எத்தனை மணித்தியாலம் விட்டுக் கொடுப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வெட்டுப்புள்ளி வெளிவரும் வரை அந்தத் தாயும் மகளும் காத்திருக்கிறார்கள். தையல் மெஷின் ஓடிக் கொண்டிருக்கிறது. சுவர் ஜன்னல் மட்டத்திலேயே நிற்கிறது.