கலர் இல்லாத வாய்க்கால்

ஆரணியில் மாமா வீட்டு வாசலில் ஒரு வாய்க்கால் ஓடும். அதைப் பார்த்தே என்ன கலர் சேலைக்கு ஆர்டர் வந்திருக்குனு சொல்லிடலாம். ஒருநாள் அரக்கு, மறுநாள் மாம்பழ மஞ்சள். மாமா சின்னதா சாயப்பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைத் தண்ணி அப்படியே வாய்க்காலில் இறங்கி, கமண்டல நாகநதிப் பக்கம் போயிடும்.

எங்க ஊர் வந்தவாசி. அப்பா வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறவர். 2020 மார்ச்சில் நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம். காலேஜ் லீவுனு ஜாலியா மாமா வீட்டுக்குப் போனேன். 25-ம் தேதி ஊரடங்கு. மாட்டிக்கிட்டேன்!

ஒரே வாரத்தில் வாய்க்காலில் கலர் காணாமல் போச்சு. அப்போ வாட்ஸ்அப் முழுக்க கங்கை பளிச்சுனு ஓடுது, யமுனையில் நுரையே இல்லைனு போட்டோக்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? வாய்க்காலைப் படம் எடுத்து, ‘எங்க ஊர் ஆறும் பிழைச்சது’னு ஸ்டேட்டஸ் போட்டேன்.

மாமா அதைப் பார்த்தார். திட்டவில்லை. “ஆறு பிழைச்சது சரி மாப்ள. நாம எப்படிப் பிழைக்கிறது?”

பட்டுக்கு சீசனே சித்திரை, வைகாசி முகூர்த்தம்தான். கல்யாணங்கள் தள்ளிப்போக, அப்பாவுக்குப் பாவு தர ஆளில்லை. “தறிக்குழியில் பூனை குட்டி போட்டிருக்குடா”னு அம்மா போனில் சிரித்தார். அது சிரிப்பில்லைனு எனக்குத் தெரியும்.

அன்னைக்கு சாயங்காலம் வாய்க்காலை ஒழுங்கா கவனிச்சேன். கலர்தான் போயிருந்தது. சாம்பல் நிறத் தண்ணி, அதே நாத்தம். பட்டறை மூடினாலும் வீட்டுச் சாக்கடை நிக்கலையே! கோடையில் ஆறு வெறும் மணல். சாக்கடையோடு கலக்க நல்ல தண்ணியும் கிடையாது.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அந்த வருஷம் 19 ஆறுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. காவிரியும் யமுனையும் தேறியிருந்தன. போட்டோவில் பளிச்சுனு இருந்த கங்கை தேறவில்லை. சாக்கடை ஒரு முக்கிய காரணம்.

அதுக்காகப் பட்டறை மேல் தப்பே இல்லைனு சொல்ல மாட்டேன். சாயம் ஏத்துறதுக்கு முன்னாடி பட்டு நூலை சோப்பு, சோடா போட்டு வேகவைப்பாங்க. நூல் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி பசை கரைஞ்சு தண்ணியோடு போயிடும். அது அழுகும்போது தண்ணியில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்னுடும்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒருநாள் காலையில் வாய்க்கால் அரக்குச் சிவப்பா ஓடியது. வீடே சந்தோஷப்பட்டது. நானும்தான். அந்த சந்தோஷம் இன்னைக்கும் உறுத்துது.

நொய்யல் ஆற்றுக்காக 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஐகோர்ட். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கணும் என்ற நிபந்தனையோடுதான் திரும்பத் திறக்க முடிந்தது. செலவு எக்கச்சக்கம். ரெண்டு அண்டா வைத்திருக்கும் மாமாவால் தனியா முடியுமா? தெருவே சேர்ந்தால்?

போன பொங்கலுக்கு மாமாவே கேட்டார்: “கெமிஸ்ட்ரி படிச்சியே மாப்ள, நம்ம தெரு பட்டறைக்கெல்லாம் சேர்த்து ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்ட என்ன ஆகும்?”

கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்.