டிசிஎக்ஸ் தொடாத ஃபிளாக்

பொறியியல் கல்லூரி லேபில் இன்டெல்லின் 8085 சிப் கிட்டோடு பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் நிதானமாகச் சுற்ற ஒரு டிலே வேண்டும். பி-சி ரெஜிஸ்டர் ஜோடியில் பெரிய எண்ணைப் போட்டு, டிசிஎக்ஸால் ஒவ்வொன்றாகக் குறைத்து, பூஜ்யம் ஆகும்வரை ஜேஎன்இசட் போட்டுத் திரும்ப வைக்கிறோம். தாளில் பிழையே தெரியாது. ஓடவிட்டால் ஒரு கிட்டில் லூப் முடிவதே இல்லை. அடுத்த மேசையில் அதே லூப் ஒரே சுற்றில் முடிந்துவிடுகிறது.

காரணம், டிசிஎக்ஸ் ஜீரோ ஃபிளாகைத் தொடுவதில்லை. அதற்கு முன் எந்தக் கணக்கு நடந்ததோ அதன் விளைவைத்தான் ஜேஎன்இசட் பார்க்கிறது. 8085இன் ஏஎல்யு எட்டு பிட். முகவரிகளை ஏற்றி இறக்க அதற்கு வெளியே பதினாறு பிட்டில் தனி மின்சுற்று உண்டு. டிசிஎக்ஸ் அங்கேயே வேலையை முடித்துக்கொள்கிறது. அதனால் சி-யை ஏ-வுக்கு எடுத்து, பி-யோடு ஓஆர்ஏ செய்து பார்க்க வேண்டும். அப்போது ஒரு சுற்றுக்கு 24 டி-ஸ்டேட். 3 மெகாஹெர்ட்ஸில் 8 மைக்ரோ வினாடி. பதினாறு பிட்டையும் முழுதாக எண்ணி முடிக்க அரை வினாடிக்குக் கொஞ்சம் மேல்.

டிசிஎக்ஸ் பூஜ்யத்தைத் தாண்டும்போது எழும் வேறொரு ஃபிளாக் அந்தச் சிப்பில் உண்மையிலேயே இருக்கிறது. இன்டெல் அதைத் தன் கையேட்டில் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் ஃபிளாகைத் தொடாததையே குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கு பைட் எண்கள் இரண்டைக் கூட்டுவோம். ஒரு பைட்டில் மீந்த ஒன்று, அடுத்த பைட்டைக் கூட்டும் ஏடிசி வரும்வரை கேரி ஃபிளாகில் காத்திருக்க வேண்டும். நடுவில் ஐஎன்எக்ஸ் முகவரிகளை நகர்த்துகிறது. எந்த விடையும் கலையவில்லை. டிசிஆர் எண்ணிக்கையைக் குறைக்கிறது. லூப்பை நிறுத்தத் தேவையான ஜீரோ ஃபிளாகை மாற்றிவிட்டு, கேரியை மட்டும் அப்படியே விடுகிறது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! டிசிஆர் கேரியையும் கலைத்தால், ஃபிளாகுகளை முன்கூட்டியே ஸ்டாக்கில் போட்டு வைக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது ஜீரோ ஃபிளாகும் பழைய நிலைக்குப் போய்விடும். லூப் எப்போது முடிவது?

1978இல் வந்த 8086இல் எண்ணிக்கையைக் குறைக்கும் டெக் கட்டளையும் கேரியைத் தொடாத இதே வழக்கத்தைப் பின்பற்றியது. பெண்டியம் 4இல் ஃபிளாகுகளில் சிலவற்றை மட்டும் மாற்றுவது வேகத்துக்கு இடைஞ்சலானதால், டெக்குக்குப் பதிலாக ஒன்றைக் கழிக்கும் கட்டளையைப் பயன்படுத்தும்படி இன்டெல்லே சொன்னது. இன்றைய 64 பிட் சிப்பிலும் டெக் கேரியைத் தொடுவதில்லை.