சாஃப்ட்வேர் வரும்... போகும்... கை நிக்கும்!

சிம்போசியம் சீஸன் வந்தாலே இன்ஜினீயரிங் காலேஜில் ரெண்டு பேருக்குத் திடீர் மவுசு. ஒருத்தன், ஸ்பான்சர் பிடிக்கிறவன். இன்னொருத்தன், ‘டிசைன் தெரிஞ்சவன்’. எங்க டிபார்ட்மென்ட்டில் அந்த ரெண்டாவது ஆள் நான். அதனால் ஜூனியர்ஸ் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி எப்பவும் இதுதான்... ‘அண்ணா, லோகோ போட எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?’

அவசரப்படாதீங்க பாஸ். முதல்ல ஒரு குட்டிக் கணக்குப் பாடம். போட்டோ என்பது புள்ளிகளின் கூட்டம். செல்போனில் அழகா இருக்கிற படத்தை 20 அடி பேனருக்கு இழுத்தால், கட்டம் கட்டமாப் பல்லிளிக்கும். வெக்டார் அப்படி இல்லை. கோடு எங்கே ஆரம்பிச்சு, எப்படி வளைஞ்சு, எங்கே முடியுதுன்னு கணக்காவே சேமிச்சு வைக்கும். ரெண்டு முனை, ரெண்டு கைப்பிடி... நாலே புள்ளியில் ஒரு வளைவு ரெடி!

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பேப்பரில் நாம மனப்பாடம் பண்ற பெஸியர் கர்வ்தான் இது. 1959-லேயே சித்ரோயன் கார் கம்பெனியில் டி காஸ்டெல்ஜோ இதைக் கண்டுபிடிச்சிட்டார். கம்பெனி அதை ரகசியமா பூட்டி வெச்சது. 1960-களில் ரெனோ கம்பெனியின் பியர் பெஸியர் தன் முறையை வெளியே சொல்ல, பேர் அவருக்குப் போயிடுச்சு. கார் பாடி வரையப் பிறந்த கணக்கு, இன்னிக்கு நம்ம டிபார்ட்மென்ட் டி-ஷர்ட்டில்!

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம். இல்லஸ்ட்ரேட்டர், 1987-ல் வந்த சீனியர். டிசைன் கம்பெனி வேலைக்குப் போனால் பெரும்பாலும் இதைத்தான் கேட்பாங்க. ஆனால், 2013-ல் அடோபி சந்தா முறைக்கு மாறிடுச்சு. வாடகை வீடு மாதிரி, கட்டுற வரைக்கும்தான் குடியிருக்கலாம். 1989-ல் வந்த கோரல்டிரா, நம்ம ஊர் பிரஸ், ஃப்ளெக்ஸ் கடைகளின் தாய்மொழி. ‘தம்பி, சிடிஆர் ஃபைல் இருக்கா?’ன்னுதான் கடைக்கார அண்ணன் பேச்சையே ஆரம்பிப்பார்.

இங்க்ஸ்கேப் 2003-ல் பிறந்த ஓப்பன் சோர்ஸ் பிள்ளை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்திலும் ஓடும், பைசா செலவில்லை. அது சேமிக்கிற எஸ்விஜி ஃபைல் ப்ரௌசரிலேயே திறக்கும். ஒரே வருத்தம், அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே நிறத்தில் அது வீக். அதனால் சாம்பிள் பிரின்ட் பார்க்காமல் 200 காப்பி அடிக்கச் சொல்லிடாதீங்க. அஃபினிட்டி டிசைனர் 2014-ல் வந்தது. அந்தக் கம்பெனியை 2024-ல் கான்வா வாங்கி, 2025 அக்டோபரில் இலவசம் ஆக்கிடுச்சு. கான்வா கணக்கு மட்டும் வேணும்.

ஹாஸ்டலில் இன்னொண்ணும் சுத்துதே... அதான், கிராக்! அதுவும் இலவசம்தானேன்னு கேட்பீங்க. என் ரூம்மேட் கதையைக் கேளுங்க.

அவனுக்கு டிசைன் பொழுதுபோக்கு இல்லை, மெஸ் பில். அப்பாவுக்குத் தறி வேலை. ஊர் கபடி டீம் ஜெர்சி, காதுகுத்துப் பத்திரிகைன்னு வரைஞ்சுதான் மாசத்தை ஓட்டுவான். யாரோ பென்டிரைவில் கொடுத்த கிராக், ஒரே ராத்திரியில் அவன் ஃபைல்களை எல்லாம் பூட்டிடுச்சு. திறக்கணும்னா பணம் கட்டுன்னு திரையில் மிரட்டல். ரெண்டு வருஷ உழைப்பு, அட்வான்ஸ் வாங்கின மூணு ஆர்டர்... எல்லாம் போச்சு. அன்னிக்கு அவன் சாப்பிடவே வரலை.

லேப்டாப்பை ஃபார்மட் பண்ணி, இங்க்ஸ்கேப் போட்டோம். ஷார்ட்கட் எதுவும் கைக்கு வராமல் முதல் வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தான். மூணாவது வாரம் அந்த மூணு ஆர்டரையும் புதுசா வரைஞ்சு முடிச்சிட்டான்! ஏன்னா, மெனுதான் வேற, வளைவு அதேதான். கைப்பிடியை எவ்வளவு இழுத்தால் கோடு எப்படி வளையும்னு அவன் விரலுக்குத் தெரியும். அதை எந்த வைரஸும் பூட்ட முடியாதே!

காசு கொடுத்து வாங்கினவங்களுக்கும் இந்த அடி விழுந்திருக்கு. ஃப்ரீஹேண்ட்னு ஒண்ணு, இல்லஸ்ட்ரேட்டருக்குச் சரியான போட்டியா இருந்தது. அதை வெச்சிருந்த மேக்ரோமீடியாவை 2005-ல் அடோபி வாங்கிச்சு. 2007-ல், ‘இனி புது வெர்ஷன் வராது’ன்னு சொல்லிடுச்சு. மெனுவை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அதனால் ஜூனியர்ஸ், ‘எது பெஸ்ட்?’னு கேட்காதீங்க. ‘இந்த ஃபைல் அடுத்து யார் கைக்குப் போகுது?’ன்னு கேளுங்க. டிசைன் கம்பெனி கனவா? இல்லஸ்ட்ரேட்டர் பழகுங்க. ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகுதா? எதில் வரைஞ்சாலும் எழுத்தை ‘கர்வ்’ பண்ணி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்க. அவர்கிட்ட உங்க ஃபான்ட் இல்லைன்னாலும் எழுத்து மாறாது. ஆனால், கர்வ் பண்ணாத காப்பி ஒண்ணு கையில் இருக்கட்டும். ஹெச்.ஓ.டி. கடைசி நிமிஷத்தில் ஸ்பெல்லிங் மிஸ்டேக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்!

தமிழில் டிசைன் பண்றவங்களுக்கு என் சொந்த நுழைவுத்தேர்வு ஒண்ணு இருக்கு. பேர், ‘கொ’ டெஸ்ட். யூனிகோடில் ‘கொண்டாட்டம்’னு அடிங்க. கொம்பு முன்னாடி, கால் பின்னாடின்னு உட்கார்ந்தால் பாஸ். கொம்பு இடம் மாறி நின்னால் ஃபெயில். இங்க்ஸ்கேப்பில் நேராவே வந்துடும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான ஆப்ஷனைத் தேடிப் பிடிச்சு ஆன் பண்ணணும்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். இன்னிக்கு ராத்திரி, ஏதோ ஒரு சாஃப்ட்வேரைத் திறந்து, உங்க பேரின் முதல் எழுத்தைத் தமிழில் பென் டூலால் வரைஞ்சு பாருங்க. எவ்வளவு குறைச்சலான புள்ளியில் முடிக்கிறீங்களோ, அவ்வளவு கில்லாடி நீங்க. ‘இ’-யில் பேர் ஆரம்பிக்கிறவங்களுக்கு மட்டும் என் ஆழ்ந்த அனுதாபங்கள்!