உவரிக்கு எத்தனை எழுத்து?

திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை ஊர் உவரி. சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா கோயில் எல்லாம் இருக்கிற ஊர். உ, வ, ரி என்று மூன்றெழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரிடம் கேட்டால்? பைத்தான் 3-ம் ஜாவாவும் 4 என்று சொல்லும். ஸ்விஃப்ட் 3 என்று சொல்லும். யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணினால் 12!

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யூனிகோடில் 'ரி' என்பது ர ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு எண்கள். குறியையும் சேர்த்து எண்ணினால் 4, மனிதர்கள் படிக்கிற மாதிரி எண்ணினால் 3. எதை எண்ணுகிறோம் என்று அந்த ஃபங்ஷனின் விளக்கத்தில் எழுதியிருந்தால் தொல்லை இல்லை. "நீளத்தைத் தரும்" என்று மட்டும் எழுதி, கூடவே ஒரு ஆங்கில வார்த்தையை உதாரணமாகக் கொடுத்தால் போச்சு. அதை நம்பி மூன்றோடு வெட்டினால் உவரி 'உவர' ஆகிவிடும்.

இதுகூடப் பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். அடுத்தது கண்ணுக்கே தெரியாது.

உவரிப் பக்கம் அந்தோணி என்ற பெயர் சாதாரணம். அதில் வரும் 'தோ'வை இரண்டு விதமாக எழுதலாம். த-வுக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே எண்ணாகப் போடலாம். அல்லது இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒரே அந்தோணிதான். பைத்தானிலோ ஜாவாவிலோ நேரடியாக ஒப்பிட்டால் "வேறு வேறு" என்று பதில் வரும். ஸ்விஃப்ட் "ஒன்றுதான்" என்று சொல்லும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணப் பட்டியலில் ஒரு அந்தோணியின் பெயர் ஒரு விதமாக ஏறியிருக்கிறது, தேடுபவர் இன்னொரு விதமாகத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பெயர் இல்லை" என்று வரும். வரிசையில் நிற்கிற அந்தோணி என்ன செய்வார்? திரையில் பார்த்தாலும் யாருக்கும் காரணம் புரியாது.

இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடு தரம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர நார்மலைசேஷன் என்ற வழியும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் அது தீர்க்காது. ஸ்ரீ என்பதை ஸ போட்டும் எழுதலாம், 2005-ல் யூனிகோடு 4.1-ல் சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நார்மலைஸ் செய்தாலும் ஒன்றாகாது!

புரோகிராமர் கவனமாக இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவர் எதைத் தேடிப் படிப்பார்? அவர் படிப்பது தான் பயன்படுத்தும் ஏ.பி.ஐ.யின் விளக்கத்தைத்தான். ஆகவே அங்கேயே மூன்று வரி இருக்க வேண்டும். நீளம் என்றால் எதன் எண்ணிக்கை? ஒப்பிடும்முன் நார்மலைஸ் ஆகுமா, ஆகாதா? எங்கே வெட்டினால் எழுத்து உடையும்?

கூடவே உதாரணத்துக்கு ஒரு ஆங்கில வார்த்தையோடு 'உவரி'யையும் போட்டால் புண்ணியமாகப் போகும்.