நாக்குக்கு மட்டும் ஒரு சாஸ்

அம்மா ருசி பார்த்துச் சமைக்கிறவள் இல்லை, மோந்து பார்த்துச் சமைக்கிறவள். முன்னறையில் தையல் மெஷினை மிதித்தபடியே, "குழம்புல பச்சை வாசம் போயிருச்சு, அடுப்பைக் குறைச்சு வையி" என்று குரல் கொடுப்பாள். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். எங்கள் செட்டியார்பட்டியிலும் பக்கத்துத் தளவாய்புரத்திலும் நைட்டி தைப்பதுதான் பல வீடுகளுக்குப் பிழைப்பு. வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும், தைத்து முடித்ததை எண்ணிக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று காசு. மெஷினை விட்டு எழுந்தால் அந்த நேரம் நஷ்டம். அதனால் மூக்கால் சமைப்பது அம்மாவுக்குக் கைவந்த கலை என்பதைவிட, நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழி.

2021 மே மாதம் அந்த மூக்கு போயிற்று. கொரோனா இரண்டாம் அலை. ஊரடங்குக்கு முன்பே நான் பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், பிறகு உடம்பு தேறிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு, "என்னப்பா இது, வெந்நியில சீனி போட்ட மாதிரி இருக்கு" என்றாள். டிகாஷன் திக்காகத்தான் இருந்தது.

பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்து வாசனை வரத் தொடங்கியது, ஆனால் தப்புத் தப்பாக வந்தது. வெங்காயம் வதங்கினால் செத்த எலி வாடை என்றாள். பூண்டும் அப்படியே. காபி கருகிய ரப்பர். மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: பரோஸ்மியா. மூக்கின் உச்சியில் மணத்தை உணரும் நரம்புகள் திரும்ப முளைத்து வரும்போது பாதிச் செய்தியைத்தான் மூளைக்குக் கொண்டுபோகின்றன. அந்தப் பாதியை மூளை நாற்றமாகப் படிக்கிறது. உலகம் முழுக்க இந்த நிலைக்கு ஆளானவர்கள் அதிகம் பயந்த பொருள்களில் காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி, முட்டை எல்லாம் உண்டு. நம் வீட்டுச் சமையலில் இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும், யோசித்துப் பாருங்கள்.

அம்மா தயிர்ச்சோற்றில் நின்றாள். ஆடி மாதத்துக்குள் எட்டு கிலோ இறங்கிவிட்டது. எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. அவள் அடுப்படிக்குள் போவதையே நிறுத்திவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டிருந்ததை ஒரு நாள் என் தங்கைதான் கண்டுபிடித்தாள். அதன் பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களே பாத்துக்கிடுங்க" என்று மெஷினோடு உட்கார்ந்துகொண்டாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் எது வெந்தது, எது வேகவில்லை என்று தீர்ப்புச் சொன்ன ஆள் அவள்.

சித்தி ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா கொடுத்துவிட்டாள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், எங்கள் பக்கத்துப் பெருமை. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டாள். "இனிப்பு தெரியுது. வேற ஒண்ணுமே இல்ல. சீனியப் பெசஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

அந்த வார்த்தை என் மனசில் ஒட்டிக்கொண்டது. இனிப்பு தெரியுது என்கிறாளே!

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மெல்லும்போது உணவின் மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை எட்டுகிறது. நாக்குக்கென்று தனியாகத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்துதான். பழுத்த தக்காளியிலும் சோயா சாஸிலும் இருக்கிற அந்த ஊறிய சுவைதான் உமாமி. மிளகாயின் காரமும் வினிகரின் சுருக்கும் மூன்றாவது வழியில் போகின்றன, முகத்து நரம்பின் வழியாக. சந்தேகம் இருந்தால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு வெல்லத்தையும் கொஞ்சம் சீனியையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மூக்கை விட்டதும் வெல்லம் வெல்லமாகிவிடும்.

ஆக அம்மாவிடம் ஐந்து சுவையும், ஒரு காரமும், ஒரு சுருக்கும் மிச்சமிருந்தன. அதை மட்டும் வைத்துக்கொண்டு எதைச் சமைப்பது?

விடை தங்கையின் நச்சரிப்பில் கிடைத்தது. ராஜபாளையம் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் கிடைக்கிற மாதிரி காலிஃபிளவர் பொரித்து, இனிப்பும் புளிப்புமாக அந்தச் சிவப்பு சாஸில் புரட்டித் தரச் சொன்னாள். பெங்களூர் அறையில் நானே செய்து சாப்பிட்ட சாஸ்தான். யோசிக்க யோசிக்க, இது மூக்கை நம்பாத குழம்பு என்று பட்டது. சீனி இனிப்பு, வினிகர் புளிப்பு, தக்காளியும் சோயாவும் உமாமி, மேலே உப்பும் மிளகாயும். இத்தனையும் நாக்குக்கும் முகத்து நரம்புக்கும் எட்டுகிறவை.

ஒரே ஒரு தடை. மளிகைக் கடையில் வாங்கிய தக்காளி சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் வெங்காயம், பூண்டு என்று போட்டிருந்தது. அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டியதாயிற்று.

நான்கு பழுத்த தக்காளியை வேகவைத்துத் தோலுரித்து அரைத்து வடிகட்டினேன். அதோடு நான்கு மேசைக்கரண்டி சீனி, மூன்று மேசைக்கரண்டி வினிகர், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், துருவிய இஞ்சி கொஞ்சம், அரை டம்ளர் தண்ணீர். கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும் இரண்டு டீஸ்பூன் சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும். வெந்நீரில் கரைத்தால் மாவின் வெளிப்பக்கம் மட்டும் வெந்து கட்டி விழும். மாவு ஊற்றியபின் ரொம்ப நேரம் கொதிக்கவிடவும் கூடாது, புளிப்பு மாவுச்சத்தை உடைத்துவிடும், இறுகிய சாஸ் மறுபடி இளகும். கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கிவிடலாம்.

ஒரு கரண்டியில் எடுத்து ஆற்றி, மெஷினில் இருந்த அம்மாவிடம் நீட்டினேன். நக்கிப் பார்த்தாள். மிதிப்பது நின்றது. இன்னொரு தரம் நக்கினாள்.

"இது தெரியுதுப்பா."

பிறகு கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "புளிப்பு முந்துது. சீனி அரைக் கரண்டி போடு. உப்பு ஒரு கல்லு" என்றாள்.

இரண்டரை மாதத்துக்குப் பிறகு அம்மா சொன்ன முதல் சமையல் தீர்ப்பு அது. சொன்னபடி போட்டேன். நானும் தங்கையும் ருசி பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சீனியைப் போட்டால் புளிப்பு செத்துவிடுவதில்லை. லிட்மஸ் தாளை நனைத்தால் சாஸ் அப்போதும் அதே அமிலம்தான், தாள் சிவக்கும். புளிப்பு என்பது அமிலத்திலிருந்து வருகிற ஹைட்ரஜன் அயனி. அது நாக்கின் செல்லுக்குள் நுழைகிற வாசலையே விஞ்ஞானிகள் 2018, 2019 ஆண்டுகளில்தான் அடையாளம் கண்டார்கள். இனிப்புக்கு வேறு வாசல். இரண்டும் சேர்ந்து வரும்போது ஒன்றின் சத்தத்தை மற்றது தணிக்கிறது, அவ்வளவுதான். எந்த அளவில் இரண்டும் சமமாகக் கேட்கும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. தக்காளிக்குத் தக்காளி புளிப்பு வேறு, வீட்டுக்கு வீடு நாக்கு வேறு. ஒரு ஆள் நக்கிப் பார்த்துச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவளே அடுப்படிக்கு வந்தாள். "சீனாக்காரன் சாஸு" என்று அதற்குப் பெயரும் வைத்தாள். சிரிப்பாக இருந்தது, ஆனால் பொய்யில்லை. தென்சீனாவின் கான்டன் பக்கத்தில் பன்றிக்கறியைப் பொரித்து இப்படி வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த சாற்றில் புரட்டுகிறார்கள். அது கப்பலேறி உலகம் சுற்றியது. கெட்சப் என்ற பெயரும் தென்சீனாவின் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அங்கே அது தக்காளியே இல்லாத மீன் சாறு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டோங் ஆச்யூ என்ற சீனர் கல்கத்தாவுக்குத் தெற்கே கங்கைக் கரையில் வந்திறங்கி நடத்தியது சர்க்கரை ஆலை. அந்த ஊர் இன்றும் அவர் பெயரால் அச்சிப்பூர். அவருக்குப் பின் வந்த சீனக் குடும்பங்கள் கல்கத்தாவில் வளர்த்த சமையல்தான் கைமாறிக் கைமாறி, நம் ஊர்த் தள்ளுவண்டி வரை வந்து சேர்ந்தது. சென்னையில் சர்க்கரை என்பதை எங்கள் பக்கத்தில் சீனி என்போம். அந்தச் சொல்லிலேயே சீனம் இருக்கிறது. அம்மாவின் சீனி டப்பாவுக்குள் சீனாக்காரன் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் அம்மா அதைச் சீனாக்காரனிடம் விட்டுவைக்கவில்லை. வினிகருக்குப் பதில் புளி கரைத்தாள். அடுத்த வாரம் சீனிக்குப் பதில் வெல்லம். ராஜபாளையம் சந்தையிலிருந்து கடைசிச் சப்பட்டை மாங்காய் கொஞ்சம் வந்தபோது தக்காளியையும் எடுத்துவிட்டாள். மாங்காய், வெல்லம், உப்பு, வற்றல், கொஞ்சம் அரிசிமாவு. கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "இந்தா உன் சாஸு" என்றாள். சித்திரை ஒன்றாம் தேதி இலையில் வைக்கிற மாங்காய்ப் பச்சடி! வேப்பம்பூ ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் தங்கை மூக்குக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றிப் படித்திருந்தாள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு 2009ல் வெளியிட்ட முறை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு மணங்களைக் காலையும் மாலையும் சில நொடிகள் மோந்து பார்க்க வேண்டும், பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல். எங்கள் வீட்டில் அது பன்னீர் ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல், இடித்த கிராம்பு. நான்கு பழைய ஊறுகாய்ப் பாட்டில்கள் மெஷின் மேல் நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தன. முதலில் வந்தது கிராம்பு, ஐப்பசியில். பிறகு எலுமிச்சை.

2022 சித்திரை ஒன்றாம் தேதி பச்சடியை வேப்பம்பூவோடு செய்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தி, "வெல்லம் லேசா எட்டிப் பாக்குது" என்றாள். இனிப்பைச் சொல்லவில்லை, அது முன்பே தெரிந்ததுதான். வெல்லத்தைச் சொன்னாள். தங்கை அழுதுவிட்டாள். அம்மா, "சோத்தைத் தின்னு" என்று அதட்டினாள்.

முழுக்க வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வெங்காயம் இப்போது நாறவில்லை, ஆனால் பழைய வெங்காயமும் இல்லை. பால் கெட்டுவிட்டதா என்று தங்கையைத்தான் கேட்கிறாள். முன்னறையிலிருந்து குரல் கொடுப்பது நின்றுபோயிற்று. மெஷினை விட்டு எழுந்துபோய்க் கரண்டியில் எடுத்து ருசி பார்க்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு நைட்டி குறையுது என்று கணக்குச் சொல்வாள்.

சாஸ் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக நிலைத்துவிட்டது. அதே அலையில் மூக்கு போன எதிர்வீட்டு மதினி ஒரு நாள் கிண்ணத்தோடு வந்து கேட்டு வாங்கிப் போனார். பிறகு அளவு கேட்டுக்கொண்டு அவர் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். போன முறை நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர் செய்தது எங்கள் வீட்டுக்கு வந்தது. பல் கூசுகிற புளிப்பு. சீனி போதவில்லை என்று மதினியிடம் சொல்லலாமே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கு? அவளுக்கு அப்பத்தான் தெரியுதாம்" என்றாள் அம்மா, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே.