வாசலில் வைத்த பார்சல்

வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன பொருளை வேறொருவர் எடுத்துக்கொண்டு போவது இணைய வணிகத்தோடு பிறந்த திருட்டு இல்லை. தென்னிந்திய நகரங்களில் அதற்குப் பால் பாக்கெட்டின் வயது. விடியுமுன் கேட்டில் மாட்டிய பையில் ஆவின்காரரோ மில்மாக்காரரோ போட்டுவிட்டுப் போன இரண்டு பாக்கெட்டில் ஒன்று குறையும். போடவில்லை என்பார் வீட்டுக்காரர், போட்டேன் என்பார் பால்காரர். மாதக் கடைசிக் கணக்கில் ஒரு சின்ன மனஸ்தாபத்தோடு அது முடியும். பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாட்களில், கட்அவுட்டுக்கு ஊற்றுவதற்காகக் கடை வாசலில் இறக்கிவைத்த பாலை ரசிகர்கள் தூக்கிப் போகிறார்கள் என்று தமிழ்நாட்டில் பால் முகவர்கள் சங்கம் காவல்துறையிடம் பாதுகாப்புக் கேட்டதும் உண்டு. பாலுக்கு அடுத்து அதே வாசலுக்கு வந்து சேர்ந்ததுதான் அட்டைப்பெட்டி.

அமெரிக்காவில் இந்தத் திருட்டு பெருகியதற்குக் காரணம் அங்குள்ள வீட்டு அமைப்பும் வழக்கமும். மதில் கிடையாது, தெருவிலிருந்து நேரே வாசற்படி. பெட்டியை வைத்துவிட்டு வண்டி போய்விடும். இந்தியாவில் பார்சல் நெடுநாள் கைக்குக் கைதான் மாறியது. பொருள் வந்த பின்பே பணம் கொடுக்கும் முறை பரவலாக இருந்ததால் பெட்டியை வாசலில் போட்டுவிட்டுப் போக வழியே இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது தொடாமல் கொடுக்கும் பழக்கம் வந்தது. கதவடியில் வைத்து, ஒரு படம் எடுத்து, அழைப்பு மணியை அடித்துவிட்டுப் போனார்கள். ஊரடங்கு போன பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. அதனால் இன்றைக்கு இரண்டு விதமாகப் பொருள் தொலைகிறது: வாசலுக்கு வருமுன்பே செல்பேசிக்குப் பதில் சோப்புக்கட்டி ஏறிய பெட்டி ஒன்று, வாசலில் இருந்து கால் முளைத்துப் போன பெட்டி மற்றொன்று. முதலாவதில் சந்தேகம் நிறுவனத்தின் மேல் விழும். இரண்டாவதில் பக்கத்து வீட்டின் மேல் விழும். ஊருக்குள் கசப்பை விளைவிப்பது இரண்டாவதுதான்.

இந்தக் கசப்புக்கு இடம் குறைவான ஊர்களும் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாக 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போகும் பொன்முடி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1100 மீட்டர் மேலே இருக்கிறது. மேலே தேயிலைத் தோட்டமும் லயங்களும். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகள். வாசலும் ஒட்டியே இருக்கும். ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்த பெட்டியைப் பார்க்காமல் அடுத்த வீட்டார் உள்ளே போக முடியாது. இப்படிப்பட்ட மலைத்தோட்டங்களில் பார்சல் வாசல்வரை ஏறி வருவதைவிட, கீழே தெரிந்த கடையில் இறங்கி, வேலை முடிந்து வருகிறவர் கையோடு வாங்கிப் போவதே பெரும்பாலும் நடக்கும். மூடுபனியில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத நாளில் ஓடிபி எண்ணைச் சொல்வதற்குக்கூட ஆள் இறங்கித்தான் வர வேண்டும். காவலாளியும் கேமராவும் பார்க்கிற வேலையை இங்கே கடைக்காரரும் அக்கம்பக்கமும் பார்த்துவிடுகிறார்கள்.

பொன்முடியில் வாசலில் கிடப்பதைக் கூச்சமில்லாமல் எடுத்துப் போவது நாட்டுக்குரங்கு. திருட்டுக்குச் சட்டம் சொல்லும் இலக்கணம் மனிதருக்கு மட்டும் உரியது என்பதால் குரங்கின் மேல் வழக்கு இல்லை. பதிலடி கொடுக்கிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது நாட்டுக்குரங்கு முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. அந்த அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் குறைந்தபட்சமே மூன்றாண்டுச் சிறை. முதல்முறை செய்யும் சாதாரணத் திருட்டுக்கு மனிதனுக்கு அதிகபட்சத் தண்டனையே மூன்றாண்டுதான்.

மனிதத் திருடனுக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 378, 379ஆம் பிரிவுகள் இப்போது 303. மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்குள் திருடினால் 305ஆம் பிரிவு. தண்டனை ஏழாண்டு வரை போகும். திண்ணை கட்டடத்தில் சேர்த்தியா, கேட்டுக்கு உள்ளே கிடந்த பெட்டி எந்தப் பிரிவில் வரும் என்பதெல்லாம் வழக்கறிஞர்கள் பிழைப்புக்கு உரிய கேள்விகள். புதிய சட்டத்தில் உண்மையான புதுமை வேறு இடத்தில் இருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறை குற்றவாளியாக இருந்து, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைக் குற்றத்தில் பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது; ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும். வாசலில் தொலைகிற பெட்டிகளில் பலவும், சுரிதாரும் செல்பேசி உறையும் மிக்சி ஜாரும், இந்த 5000 ரூபாய்க் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும்.

பொருளைக் காக்கப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தன் பொருளுக்கு மட்டுமல்ல, பிறர் பொருளுக்கும் உண்டு என்கிறது 35ஆம் பிரிவு. அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவன் படியேறி வந்து பெட்டியை எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ஓடிவந்து பெட்டியைப் பிடித்து இழுக்கலாம். அவன் விடவில்லையென்றால் கையைத் தட்டிவிடலாம், தள்ளலாம். விழுந்து முட்டி சிராய்த்தாலும் குற்றமில்லை. பெட்டியோடு ஓடினால் பின்னால் ஓடலாம். அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டால் பொருள் மீண்டுவிட்டது. அந்தக் கணமே உரிமையும் முடிந்தது. அதற்குப் பிறகு விழும் அடி தனியொரு குற்றம். அவன் பொருளோடு தப்பி மறைந்துவிட்டாலும் உரிமை முடிந்தது. மறுநாள் சந்தையில் அவனைக் கண்டால் போலீசைக் கூப்பிட வேண்டுமே தவிர சட்டையைப் பிடித்து அடிப்பதற்கு இடமில்லை. 43ஆம் பிரிவு வகுத்திருக்கும் ஒழுங்கு இது. போலீசை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே எழாது, தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆம் பிரிவு மேலும் இரண்டு கட்டுப் போடுகிறது. உயிரை எடுக்கும் அளவுக்குப் போக 41ஆம் பிரிவு அனுமதிப்பது கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருப்புக்குத் தீவைத்தல் போன்றவற்றுக்கும், சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் எழும் திருட்டுக்கும்தான். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இந்தப் பட்டியலில் இல்லை.

பிடித்து வைப்பதற்கும் விதி உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவுப்படி, கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் செய்கிறவனைத் தனிநபரே பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மேலே சொன்ன 5000 ரூபாய்க் கோட்டை இதோடு சேர்த்து வாசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். திருடனின் தோளைப் பிடிக்குமுன் பெட்டிக்குள் இருப்பதன் விலையையும், அவனுக்கு இது முதல் தடவைதானா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. சட்டம் எழுதியவர்கள் இப்படி நினைத்து எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் வாசித்தால் இப்படித்தான் வருகிறது.

நேருக்கு நேர் பிடிக்க முடியாதவர்கள் கண்ணி வைக்கிறார்கள். 2018 டிசம்பரில் நாசாவின் முன்னாள் பொறியாளர் மார்க் ரோபர், பெட்டியைத் திறந்ததும் மினுமினுப்புத் துகளும் நாற்றமும் பீய்ச்சும் பொறி ஒன்றைச் செய்து காணொளியாக வெளியிட்டார்; உலகமே கைதட்டியது. அதில் சில திருடர்கள் ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் என்று தெரியவந்து, அந்தப் பகுதிகளை அவரே நீக்கியது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இந்திய நீதிமன்றங்களுக்கு இந்த யோசனை 150 ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. பம்பாய் மாகாணத்தில் ஒருவர் மரத்தில் கட்டிய கள்ளுப் பானைகளை யாரோ தொடர்ந்து காலிசெய்துகொண்டிருந்தார்கள். ஆளைக் கண்டுபிடிக்க அவர் பானைகளில் கள்ளிப்பாலைக் கலந்து வைத்தார். குடித்த திருடன் நோயில் விழுவான், அடையாளம் தெரியும் என்பது கணக்கு. அந்தக் கள்ளோ முகம் தெரியாத ஒருவர் கையால் விலைக்குப் போய், சிப்பாய்கள் வாங்கிக் குடித்து அவதிப்பட்டார்கள். திருட்டைத் தடுக்கும் நல்லெண்ணத்தில் செய்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. 1868இல் வந்த தனியா தாஜி வழக்கு என்ற இந்தத் தீர்ப்பு, நஞ்சூட்டிக் காயப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 328ஆம் பிரிவில் அவரைக் குற்றவாளி என்றது. அந்தப் பிரிவு இப்போது 123. தண்டனை பத்தாண்டு வரை. பெட்டிக்குள் பேதி மாத்திரை கலந்த இனிப்பு வைத்துத் திருடனுக்குப் பாடம் புகட்ட நினைப்பவர் நிற்பதும் இதே இடத்தில்தான்.

அடுத்தது மின்சாரம். பீகாரில் செருபின் கிரகரி என்பவர் வீட்டுக் கழிப்பறையை அயலார் பயன்படுத்திவந்தார்கள். அதைத் தடுக்க அவர் போகும் வழியில் உறையில்லாத கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். தன் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துபோனதால் அங்கே வந்த பக்கத்து வீட்டுப் பெண் கம்பியில் பட்டு இறந்தார். 1963இல் உச்ச நீதிமன்றம், அத்துமீறி நுழைந்தவர் என்பதாலேயே ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்று சொல்லித் தண்டனையை உறுதிசெய்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்திலும் இதே கதை. ஆளில்லாத பண்ணைவீட்டில் கதவைத் திறந்தால் வெடிக்கும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்திருந்தார்கள். பழைய பாட்டில்களை எடுக்க நுழைந்தவரின் கால் சிதைந்தது. 1971இல் மாநில உச்ச நீதிமன்றம், வீட்டுக்காரர் 30,000 டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை நிலைநிறுத்தியது. திருட வந்தவர் தன் குற்றத்துக்குக் கட்டிய அபராதம் 50 டாலர்.

இவற்றில் நீதிபதிகள் திருடனுக்கு இரக்கம் காட்டினார்கள் என்று நினைப்பது மேலோட்டமான வாசிப்பு. கையால் பிடிக்கிற மனிதனுக்கு எதிரில் இருப்பது குழந்தையா, கிழவரா, வழி தவறி வந்தவரா என்று தெரியும். அடியைக் குறைத்துக்கொள்ளவும் நிறுத்தவும் அவனால் முடியும். கம்பிக்கும் நஞ்சுக்கும் அது முடியாது. கேரளத்தின் மலையோரங்களில் இது இன்றைய செய்தி. காட்டுப்பன்றிக்காகத் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி, 2025 ஜூனில் மலப்புரம் மாவட்டம் வழிக்கடவில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தான். பன்றி புகுந்து கிழங்கைத் தோண்டும் பொன்முடி அடிவாரத்துக்கும் இந்தச் செய்தி தூரத்தது இல்லை.

கண்ணியைவிடக் கொடியது கூட்டம். 2018 பிப்ரவரி 22 அன்று பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், கடைகளில் அரிசியும் மளிகையும் திருடினார் என்ற பேரில் மது என்ற பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கட்டி, முக்காலி என்ற ஊர்வரை நடத்திக் கூட்டிவந்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். போலீசிடம் ஒப்படைத்த பிறகு மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். சாட்சிகள் பலர் பிறழ்ந்தபோதிலும், 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல். அவர் கையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பொருள், இன்றைய சட்டத்தின் 5000 ரூபாய்க் கோட்டை நெருங்கியிருக்குமா என்பதே சந்தேகம்.

கேமராவில் பதிந்த முகத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பதிலடியில் ஒரு வகை. அதைப் போலீசிடம் கொடுப்பது சாட்சியம். திருடன் என்று எழுதி ஊருக்கு அனுப்புவது, ஆள் மாறியிருந்தால், அவதூறு. படத்தில் இருப்பது 18 வயது நிரம்பாத பிள்ளையாக இருந்து வழக்கும் நடக்குமானால், அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பணத்தை மீட்கும் வழி பெரும்பாலும் திருடனிடம் போவதில்லை, விற்றவரிடம் போகிறது. பொருள் ஒப்படைக்கப்பட்டது என்று நிறுவனம் குறித்திருந்தால், யாரிடம் கொடுத்தீர்கள், ஓடிபி வாங்கினீர்களா, படத்தில் இருப்பது எந்த வாசல் என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொன்முடிக்காரர் திருவனந்தபுரத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.