எந்தக் குதிரை நிஜக் குதிரை?

உங்க ஃப்ரெண்ட் யாராவது, ‘மச்சான், என் கார் டைனோல 100 எச்.பி. காட்டுச்சு’ன்னு சீன் போட்டா, உடனே வாயைப் பிளக்காதீங்க. ‘எந்த டைனோ?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமத்தான், ஒரு நல்ல மனுஷனை நாங்க நாலு பேரும் திருடனாக்கினோம். அந்தப் பல்பு வாங்கிய கதைதான் இது.

நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கினோம். 1.3 லிட்டர் பெட்ரோல். புதுசுல கம்பெனி சொன்ன பவர் 85. கோயமுத்தூர்ல ஒரு டைனோல ஏத்தினப்போ காட்டினது 71. ‘வயசாயிடுச்சுல்ல...’ன்னு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம்.

பாதி காரணம் வயசு இல்லீங்க! கம்பெனி சொல்ற பவர், இன்ஜினைத் தனியா ஸ்டாண்டுல வெச்சு கிராங்க் ஷாஃப்ட்ல அளந்தது. நாங்க அளந்தது சக்கரத்துல. நடுவுல கியர்பாக்ஸ், ஆக்ஸில், பேரிங், டயர்னு ஆளாளுக்குக் கமிஷன் எடுத்துப்பாங்க.

அப்புறம் ஒரு மெக்கானிக் அண்ணாகிட்ட காரை விட்டோம். ஹெட் போர்ட்டிங், புது எக்ஸாஸ்ட், ட்யூனிங். மொத்தம் 42,000 ரூபாய். என் பங்கு 10,500, அம்மா சீட்டு எடுத்த பணம். அண்ணாவுக்கு மட்டும் 8,000 பாக்கி வெச்சிருந்தோம். ‘டைனோ பார்த்துட்டுத் தர்றோம்ணா’ன்னு பந்தாவா சொல்லிட்டு வந்தோம்.

அந்த மே மாசம் சென்னையில ஒரு டைனோ ஓசியில கிடைச்சது. நம்ம பசங்களுக்கு ஓசின்னா விடுவோமா? ஓட்டிக்கிட்டே போய் ஏத்தினோம். ஸ்கிரீன்ல வந்த நம்பர்... 67!

ஏற்கெனவே இருந்ததுலயே 4 குதிரை அவுட்! எனக்கு அம்மா முகம்தான் ஞாபகம் வந்துச்சு. அங்கிருந்தே போன் போட்டுக் கத்தினோம். ‘இருந்ததையும் கெடுத்துட்டீங்களேண்ணா... பாக்கி எல்லாம் தர முடியாது’ன்னேன். அவர் கோபப்படலை. ‘அதே மெஷின்லதான் போட்டீங்களா தம்பி?’ன்னார். ‘மெஷின் எதுவா இருந்தா என்னங்ணா... குதிரை குதிரைதானே!’ன்னு கட் பண்ணிட்டேன். இன்ஜினீயராம்!

ஊருக்கு வந்து ரெண்டு பிரின்ட் அவுட்டையும் லேப் சார்கிட்ட நீட்டினேன். சிரிச்சார். அவர் சொன்னதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

டைனோ எதுவும் குதிரைத்திறனை நேரடியா அளக்கிறதில்லை. டார்க்கையும் ஆர்.பி.எம்.மையும் வெச்சுக் கணக்குப் போடுது. அந்த டார்க்கை எப்படிக் கண்டுபிடிக்குதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

கோயமுத்தூர்ல நாங்க ஏத்தினது இனெர்ஷியா டைனோ. எடை தெரிஞ்ச ஒரு பெரிய இரும்பு உருளை. கார் அதை எவ்வளவு சீக்கிரம் வேகமா சுத்த வைக்குதுன்னு பார்த்து டார்க்கைக் கணக்குப் போடும். ஒரே மூச்சுல, சில நொடியில வேலை முடிஞ்சிடும். சென்னையில இருந்தது எடி கரன்ட் பிரேக் டைனோ. நீங்க சைக்கிள் மிதிக்கிறப்போ பின்னால ஒருத்தன் கேரியரைப் பிடிச்சு இழுத்தா எப்படி இருக்கும்? அப்படி மின்காந்தம் உருளையைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்கும். எவ்வளவு விசை தேவைப்படுதுன்னு லோடு செல் அளக்கும். இன்ஜின் பாரம் சுமந்துக்கிட்டே ஓடறதால சூடும் அதிகம். பொதுவா இந்த வகையில ரீடிங் கம்மியாத்தான் வரும். சக்கரத்தையே கழட்டிட்டு ஹப்புல மாட்டற வகை ஒண்ணும் இருக்கு. அதுல டயர் நஷ்டம் கிடையாதுங்கறதால நம்பர் இன்னொரு மாதிரி வரும்.

அடுத்த குழி, கரெக்‌ஷன். கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல இருக்கு. காத்தழுத்தம் கம்மி. சென்னையில அழுத்தம் அதிகம், ஆனா மே மாச வெயில்! ரெண்டையும் சமன் பண்ண சாஃப்ட்வேர் ஒரு எண்ணால பெருக்கும். எஸ்.ஏ.இ. ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையா எடுத்துக்குது. எஸ்.டி.டி. முறை சுமார் 15.5 டிகிரியை எடுத்துக்குது. ஒரே ஓட்டத்துக்கு எஸ்.டி.டி.யில சுமார் 4 சதவீதம் வரை அதிகமா காட்டும். எங்க கோயமுத்தூர் தாள்ல மூலையில பொடி எழுத்துல ‘எஸ்.டி.டி.’. சென்னைத் தாள்ல ‘எஸ்.ஏ.இ.’. ஒரு மவுஸ் கிளிக்ல 3 குதிரை!

இது பத்தாதுன்னு டயர் பிரஷர், காரைக் கட்டற பெல்ட்டோட இறுக்கம், எந்த கியர்ல ஓட்டினோம்... எல்லாமே நம்பரை மாத்தும்.

‘அப்போ டைனோ டுபாக்கூரா சார்?’ன்னு கேட்டேன். இல்லவே இல்லை. 1999-ல் ஃபோர்டு, மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைன்னு அறிவிச்சது. வாங்கினவங்க டைனோல ஏத்திப் பார்த்து, சொன்ன பவர் இல்லைன்னு கிளப்பினாங்க. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, வித்த கார்களைத் திரும்ப வரவழைச்சு சரி பண்ணிக் கொடுத்துச்சு. டைனோ நல்ல சாட்சிதான். ஆனா ரெண்டு வேற வேற சாட்சியோட வாக்குமூலத்தைக் கழிச்சு விடை சொல்லக் கூடாது. அதைத்தான் நாங்க பண்ணியிருந்தோம்.

மறுபடி அதே கோயமுத்தூர் டைனோ. அதே நாலாவது கியர், அதே டயர் பிரஷர், அதே எஸ்.டி.டி. மூணு தடவை ஓட்டினோம். மூணுலயும் 76-ஐ ஒட்டியே வந்துச்சு. 5 குதிரை கூடியிருக்கு! பசங்க விசிலடிச்சாங்க. எனக்கு மட்டும் தொண்டை அடைச்சுது.

இதுக்கு நடுவுல ஒருத்தன், ‘டேய், 15 சதவீதம் நஷ்டம்னு வெச்சு 76-ஐ 0.85-ஆல வகுத்தா 89 வருதுடா. ரிப்போர்ட்ல அதைப் போட்ருவோம்’ன்னான். அந்த 15 எல்லா காருக்கும், எல்லா வேகத்துக்கும் ஒண்ணு கிடையாது. அதனால ரிப்போர்ட்ல 71, 76 மட்டும் எழுதி, டைனோ வகை, கியர், கரெக்‌ஷன் எல்லாத்தையும் பக்கத்துலயே போட்டோம். 67-ஐயும் மறைக்கலை. அது ஏன் 67-ன்னு ஒரு முழுப் பக்கம் எழுதினோம். வைவால பாதி நேரம் அந்தப் பக்கத்தைப் பத்தித்தான் கேட்டாங்க.

8,000 ரூபாயை எடுத்துக்கிட்டு நான்தான் ஷெட்டுக்குப் போனேன். ‘ஸாரிங்ணா...’ன்னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல வார்த்தை வரலை. அவர் பணத்தை எண்ணாமலேயே பாக்கெட்ல வெச்சுக்கிட்டார். 76 குதிரை பிரின்ட் அவுட்டைக் கொடுத்து, ‘உங்க ஷெட்ல ஒட்டிக்கங்கண்ணா’ன்னேன். கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கிப் பார்த்தார்.

‘மொதல்ல எடுத்த 71 தாளும் கொடுங்க தம்பி. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டினாத்தானுங்க அர்த்தம்!’